பட்டம் பார்த்து விதைப்போம், காலம் பார்த்து உண்போம்



காணிக்கை அனுப்பும் அன்பர்களில் சிலர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "சோகை உள்ள தாய்மாருக்கு நாம் மாத்திரை கொடுக்கிறோம், சத்துக் குறைவான பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறோம். அடுத்த ஆண்டும் அதே தாய், அதே சோகையோடு வருவது ஏன்?" என்பதே அந்தக் கேள்வி. மருந்து நோயைத் தீர்க்கிறது. ஆனால் நோய்க்குக் காரணமான சாப்பாடு அப்படியே இருக்கிறது. மாத்திரை தீர்ந்த மறுநாளும் அந்தத் தாய் அதே பானையிலிருந்துதான் சாப்பிடுகிறாள். ஆகவே இந்த இதழில் மருந்துச் சீட்டைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுக் கொல்லையைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

வயல்கள் மாறின, தட்டும் மாறியது

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்த பூமி. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டில் வேர்க்கடலையும் விளைந்த ஊர்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி என்று வேறு தொழிற்சாலைகளும் வந்தன. இதனால் பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. வீட்டின் பின்னால் அவரைப் பந்தலும் முருங்கையும் நின்ற இடத்தில் வாடகைக்கு விடுவதற்கு வரிசை வீடுகள் எழும்பின. முன்பு பறித்துச் சமைத்த குடும்பம் இப்போது எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்குகிறது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்த வாலிபப் பிள்ளைகளோ விடுதியில் போடுகிறதைச் சாப்பிடுகிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு கைபேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் நினைவிருக்கும். அது செய்தியில் வந்தது. தினந்தோறும் சோறு, தண்ணீரான சாம்பார், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு என்று ஓடும் சாப்பாடு செய்தியில் வருவதில்லை. இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியவருகிறது.

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருக்கிறது. பள்ளிக்கூடமும் சாலையும் மருத்துவமனையும் உள்ள மாநிலத்தில் இந்த நிலை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும் என்றும், அந்தக் காய்கறியில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. இதை முழுவதும் கடையில் வாங்கக்கூடிய தொழிலாளி வீடு எத்தனை?

திருச்சியில் கண்ட உண்மை

சிறிதளவு சத்து எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சி ஒன்று 1990-இல் வெளியாயிற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. வைட்டமின் பெற்ற பிள்ளைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கொடுக்கப்பட்ட அளவு. அது மிகப் பெரிய மருந்து அளவு அல்ல. நல்ல சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவுதான். மாலைக்கண்ணைத் தடுக்கிற அந்தச் சத்தைத் தரும் பொருள்கள் முருங்கைக்கீரையிலும், முளைக்கீரையிலும், பப்பாளிப் பழத்திலும், பரங்கிக்காயிலும் இருக்கின்றன. ஆனால் நம் சரீரம் செடிகளிலிருந்து கிடைப்பதை மெதுவாகத்தான் வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை நிறையச் சாப்பிடுவதைவிட, வாரத்தில் நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே பலன் தரும். இதற்கு வீட்டுத் தோட்டத்தைப்போல் வசதியானது வேறில்லை.

அந்தந்தக் காலத்துக் காய் எதற்காக?

2024 டிசம்பரில் கோயம்பேடு சந்தையில் முருங்கைக்காய் விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டிற்று. பலரும் வியாபாரிகளைக் குறை சொன்னார்கள். உண்மையில் முருங்கை மழைக்காலத்தில் காய்க்கிற மரம் அல்ல. அதற்கு வெயிலும் காய்ந்த காற்றும் வேண்டும். ஓயாத மழையில் பூ உதிர்ந்துபோகும். தை, மாசியில் பூத்து, பங்குனி முதல் ஆனி வரை நிறையக் காய்க்கும். கார்த்திகையில் முருங்கைக்காய்ச் சாம்பார்தான் வேண்டும் என்கிறவர், வெகுதூரத்திலிருந்து லாரியில் வருகிறதற்கு விலை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதே மாதத்தில் அதே மரத்தின் கீரை காசில்லாமல் கிடைக்கிறது. சத்திலோ காயைவிடக் கீரையே மேல்.

அவரையைப் பாருங்கள். பந்தல் அவரையை ஆடியில் விதைத்தால், கொடி நன்றாக ஓடிப் பந்தலை மூடும், ஆனால் பூக்காது. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது பூக்கும்படி கர்த்தர் அதைப் படைத்திருக்கிறார். அதனால்தான் மார்கழி, தையில் அவரையும் மொச்சையும் குவிகின்றன. சித்திரையில் விதைத்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டு, "விதை சரியில்லை" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொன்னதில் அனுபவம் இருக்கிறது.

மூன்றாவது காரணம் சத்து. வைட்டமின் சி வெயிலிலும் சூட்டிலும் விரைவில் அழிகிற சத்து. கீரையைப் பறித்த நிமிஷத்திலிருந்து அது குறைந்துகொண்டே போகிறது. முந்தின நாள் சாயங்காலம் பறித்து, லாரியில் வந்து, கடையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிற கீரைக்கும், அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்க் கிள்ளிவந்த கீரைக்கும் வித்தியாசம் உண்டு.

நம் பகுதிக்கு ஏற்ற ஆண்டுக் கணக்கு

தை, மாசி: இதுவே தோட்டத்தின் நிறைவான காலம். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும். அவரை, மொச்சை, கத்தரி, தக்காளி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, எல்லா வகைக் கீரையும் கிடைக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாக இருக்கும். தைப்பட்டத்தில் வெள்ளரி, பூசணி, சுரை, வெண்டை, கொத்தவரை விதைக்கலாம்.

பங்குனி, சித்திரை, வைகாசி: வெயில் காலம். முருங்கைக்காய், மாங்காய், வெள்ளரி, சுரை, பூசணி ஆகியவை இந்தக் காலத்துக்குரியவை. நீர்ச்சத்து நிறைந்த காய்களே இப்போது விளைவதைக் கவனியுங்கள். தண்டுக்கீரை வெயிலைத் தாங்கும். தண்ணீர் குறைவாக இருக்கும் ஆகையால் புதிய செடிகளை அதிகமாக வைக்க வேண்டாம். இருக்கிற செடியின் அடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வற்றல் போடுவதற்கும், மாவடு ஊறவைப்பதற்கும் இதுவே சமயம். மழைக்காலத்துக்கு இது சேமிப்பு.

ஆனி, ஆடி, ஆவணி: சாயங்கால மழை தொடங்கும். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணி எரு இட்டு, ஆடியில் அவரை, பீர்க்கு, புடலை, பாகல், கத்தரி விதைக்க வேண்டும். அவை வளரும்வரை வெண்டை, கொத்தவரை, சிறுகீரை, முளைக்கீரை ஆகியவை குடும்பத்தைத் தாங்கும். சிறுகீரை விதைத்த நாலாவது வாரத்தில் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்துக்கொண்டே வந்தால் பல மாதம் தழைக்கும்.

புரட்டாசி முதல் மார்கழி வரை: புரட்டாசியிலேயே பீர்க்கும் புடலையும் காய்க்கத் தொடங்கும். நம் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. அப்போது பாத்திக் கீரை அழுகிப்போகும். இந்நாட்களில் கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, பப்பாளி ஆகியவை கைகொடுக்கும். சித்திரையில் போட்ட வற்றலை இப்போது எடுக்கலாம். தண்ணீர் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி வைப்பது அவசியம்.

ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்கிறவர்களுக்கு முருங்கையையே சொல்லுவோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை, விதைத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கிறது. காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை தழைக்கும். முருங்கை வைத்தவன் வெறுங்கையோடு நடப்பான் என்ற பழமொழியைச் சிலர் அபசகுனமாக எண்ணுகிறார்கள். முதுமையிலும் கோல் ஊன்றாமல் நடப்பான் என்பதே அதற்குப் பெரியவர்கள் சொல்லும் பொருள். ஆனால் மரக்கிளை எளிதில் முறியும். பிள்ளைகளை ஏறவிட வேண்டாம்.

இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பழைய அரிசிச் சாக்கு, உடைந்த வாளி, பெயிண்ட் அல்லாத எந்த டப்பாவும் போதும். அடியில் துளையிட்டு, மண்ணும் எருவும் சமமாகக் கலந்து நிரப்பி, கீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும். எறும்பு விதையை இழுத்துப் போகாதபடி சுற்றிலும் கொஞ்சம் நொய்யைத் தூவி வைத்தால் அது நொய்யை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றலாம். இரண்டு சாக்கு கீரை ஒரு குடும்பத்துக்கு முழுவதும் போதாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை இல்லாத வீட்டில் கீரை இருக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இந்தப் பகுதிச் சபைகள் பலவற்றுக்கு வளாகம் இருக்கிறது. மதிலோரம் நாலு முருங்கை, கிணற்றடியில் நாலு வாழை, இரண்டு பப்பாளி வைத்தால், ஆராதனைக்கு வருகிற கர்ப்பிணிகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் வாரந்தோறும் ஒரு பிடி கீரை கொடுத்தனுப்பலாம். எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எழுதிய நிருபத்தை எண்ணிப்பாருங்கள். அந்நிய ஊரிலே வீடு கட்டவும், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் அவர் அவர்களுக்குச் சொன்னார். பிழைப்புக்காக வீட்டை விட்டு வந்திருக்கிற ஒரகடத்து வாலிபர்களுக்கும் அந்த வார்த்தை பொருந்தும்.

தோட்டமும் சுவிசேஷப் பணியும் புதிதாகச் சேர்ந்தவை அல்ல. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தை நடத்தினார். ஏழை வீடுகளின் கொல்லையிலேயே கோழியும் தேனீயும் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் இன்றைக்கும் பெயர் பெற்றது. தொழிற்சாலைகள் வரும், போகும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறக்கப்பட்ட ஒரு கைபேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் கொல்லையில் நிற்கும் முருங்கை சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனாலும் குழம்பில் கீரை இல்லாமல் போகாது.

சமைப்பதில் கவனிக்க வேண்டியவை

கீரையை நறுக்கும் முன் கழுவ வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தால்தான் வைட்டமின் ஏ தருகிற சத்து உடம்பில் சேரும். கீரையிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பங்கே இரத்தத்தில் சேருகிறது. கூடவே எலுமிச்சம்பழச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சாப்பிட்டால் அது அதிகமாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். பருப்பு, முட்டை, கேழ்வரகு, பால் ஆகியவற்றுக்குக் கீரை பதிலாகாது. அவற்றோடு சேர்ந்துதான் அது உதவும்.

எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள்

கர்ப்பிணிகள் கீரை சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே உள்ள தாய்க்குச் சிகிச்சை வேண்டும். கர்ப்ப காலத்தில் 180 நாள் இரும்பு மாத்திரை என்பது அரசு வகுத்த முறை. மாத்திரை பள்ளத்தை நிரப்புகிறது. மறுபடியும் பள்ளம் விழாதபடி தோட்டம் காக்கிறது.

சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சாக்கடை நீரையும், தொழிற்சாலைக் கழிவு கலந்த ஓடை நீரையும் காய்கறிக்குப் பாய்ச்சவே கூடாது. நெடுஞ்சாலை ஓரத்திலும், குப்பை எரித்த இடத்திலும் கீரை போட வேண்டாம். சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாம். கீரைக்கு விட வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது

அன்பானவர்களே, உங்களுடைய காணிக்கை மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பயன்படுவதுபோல, விதைக்கும் கன்றுக்கும் பயன்படலாம். பிரசவித்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு முருங்கைக் கன்றையும் ஒரு கீரை விதைப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்ப வாஞ்சிக்கிறோம். அதற்காகவென்று காணிக்கைச் சீட்டில் "தோட்டம்" என்று குறித்து அனுப்பலாம். பணம் அனுப்ப இயலாதவர்கள் தங்கள் வீட்டில் முற்றிய அவரை, கீரை, சுரை விதைகளை நிழலில் உலர்த்தி, பெயரும் விதைக்கும் மாதமும் எழுதி அனுப்புங்கள். சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகிற காய்கறிகளில் ஒரு பங்கை அருகிலுள்ள மிஷன் மருத்துவமனையின் சமையலறைக்கு ஒதுக்குங்கள். படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கு அதுவும் சிகிச்சையே.

ஜெபக் குறிப்புகள்:

1. இவ்வாண்டு ஏற்ற காலத்தில் மழை பெய்யவும், ஏரிகள் நிரம்பவும் ஸ்தோத்திரத்தோடு ஜெபியுங்கள்.

2. வீட்டை விட்டு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கும் பெண்பிள்ளைகளின் சரீர சுகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஜெபியுங்கள்.

3. சோகையோடு பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாருக்காகவும், அவர்களைக் கவனிக்கும் செவிலியர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

4. தங்கள் வளாகத்தில் தோட்டம் போட முன்வரும் சபைகளுக்காக ஜெபியுங்கள்.

விதைப்பும் அறுப்பும் ஓயாது என்று நோவாவுக்கு வாக்களித்த தேவன், உங்கள் வீட்டையும் தோட்டத்தையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
சமூக சுகாதாரப் பிரிவு ஊழியர்கள்